சுரூபமும் தொலைக்காட்சிப் பெட்டியும்: தியாகராஜன் குமாரராஜாவின் திரைக்கலை

மெய்ப்பாடுகள் எட்டு என்று வகுத்த தொல்காப்பியர் நகையை முதலில் வைத்தார். அழுகைக்கும் அச்சத்துக்கும் வேறு இடங்கள் தந்தார். இலக்கணத்தில் இவை பிரிந்து நிற்கலாம். வாழ்க்கையில் அவ்வாறு நிற்பதில்லை. இழவு வீட்டுத் திண்ணையில் ஓர் இரவு அமர்ந்திருந்தோர் இதனை அறிவர். உள்ளே ஒப்பாரி எழுந்துகொண்டிருக்கும். வெளியே பந்தலுக்கு யார் முன்பணம் கொடுப்பது என்று பங்காளிகள் இருவர் வாதிட்டுக்கொண்டிருப்பர். யாரோ ஒருவர் இறந்தவரைப் பற்றிப் பழைய கதை ஒன்றை எடுத்துவிட, துக்கம் விசாரிக்க வந்தவர்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பர். அந்தச் சிரிப்பில் அவமதிப்பு இல்லை. துயரத்தின் கனம் தாங்காத மனம் தனக்கென்று தேடிக்கொள்ளும் சிறு விடுப்பு அது. இதனைத்தான் இக்காலத் திறனாய்வாளர் அவல நகைச்சுவை என்கின்றனர்.

தமிழ்த் திரைப்படம் நெடுங்காலம் சுவைகளைப் பிரித்தே வைத்திருந்தது. நகைச்சுவைக்கென்று தனி நடிகர், தனிக் காட்சி, தனிக் கிளைக்கதை. கதைத்தலைவன் அழத் தொடங்கியதும் நகைச்சுவை நடிகர் மரியாதையாக ஒதுங்கிக்கொள்வார். இந்தப் பாத்தியைக் கலைத்து, சிரிப்பும் நடுக்கமும் ஒரே காட்சியில், ஒரே முகத்தில் தோன்றும்படி செய்தவர்களுள் தியாகராஜன் குமாரராஜா குறிப்பிடத்தக்கவர். அவர் இயக்கிய முழுநீளத் திரைப்படங்களுள் ‘ஆரண்ய காண்டம்’ 2011-லும் ‘சூப்பர் டீலக்ஸ்’ 2019-லும் வெளிவந்தன. இரண்டுக்கும் இடையே எட்டு ஆண்டுகள். இவ்விரு படங்களைப் பற்றியே இக்கட்டுரை.

தொடங்குமுன் ஒரு சொல். இரு படங்களும் வயதுவந்தோருக்கு மட்டும் என்ற சான்றிதழுடன் வெளியானவை. வசைச்சொற்களும் வன்முறையும் உடல்சார்ந்த காட்சிகளும் அவற்றில் உண்டு. குடும்பத்துடன் அமர்ந்து காணத்தக்கவை என்று நாம் சொல்லவரவில்லை. எனினும் இவற்றை ஒதுக்கிவிட்டுக் கடந்துசெல்வதும் முறையாகாது. திரைப்படத்தின் நூற்றாண்டையொட்டி 1995-ல் வத்திக்கான் சிறந்த திரைப்படங்கள் 45-ஐப் பட்டியலிட்டபோது, கடவுள் நம்பிக்கை அற்றவராகத் தம்மை அறிவித்துக்கொண்ட லூயி புனுவலின் ‘நசரின்’ படத்தையும் சமயம் சார்ந்த படங்களின் வரிசையில் சேர்த்தது. ஒரு கலைஞர் நம் பக்கம் நின்று பேசுகிறாரா என்பதைக் காட்டிலும், நாம் கேட்கத் தயங்கும் கேள்வியை நேர்மையாகக் கேட்கிறாரா என்பதே பெரிது என்று திருச்சபையே அன்று உணர்த்தியதாகக் கொள்ளலாம்.

தனிவழி

‘ஆரண்ய காண்டம்’ எஸ். பி. பி. சரணின் நிறுவனம் தயாரித்த படம். வடசென்னையில் ஒரே நாளில் நிகழ்வது. முதுமை எய்திவரும் கும்பல் தலைவன் சிங்கபெருமாளாக ஜாக்கி ஷெராஃப் நடித்தார். அவனை விஞ்ச நினைக்கும் அடியாள் பசுபதியாகச் சம்பத் ராஜ் நடித்தார். இவர்களுக்கு நடுவே, வாழ்ந்து கெட்ட கிராமத்து மனிதன் காளையன் தன் சண்டைச் சேவலோடும், கொடுக்காப்புளி என்னும் மகனோடும் பட்டணம் வந்து சேர்கிறான். போதைப்பொருள் அடங்கிய பை ஒன்று இவர்கள் கையில் எதிர்பாராமல் அகப்படுகிறது. பாடல் காட்சி ஒன்றுகூட இல்லாத படம். தணிக்கைக் குழு 52 வெட்டுகளைக் கோரியதால், மேல்முறையீட்டுக்குப் பிறகே திரைக்கு வந்தது. அரங்குகளில் பெரிதாக ஓடவில்லை. ஆயினும் அறிமுக இயக்குநருக்கான தேசிய விருதும், படத்தொகுப்புக்கான தேசிய விருதும் பெற்றது. ஆண்டுகள் செல்லச் செல்ல அதற்கு வாசகர் வட்டம் போன்ற ஒரு பார்வையாளர் வட்டம் உருவாயிற்று.

‘சூப்பர் டீலக்ஸ்’ படத்தின் தயாரிப்பில் இயக்குநரே பங்கேற்றார். திரைக்கதையை அவருடன் நலன் குமரசாமி, மிஷ்கின், நீலன் கே. சேகர் ஆகியோர் பகிர்ந்து எழுதினர். ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும் இப்படத்தில் பல கதைகள் அடுத்தடுத்து நகர்கின்றன. வீட்டை விட்டுச் சென்ற மாணிக்கம், ஆண்டுகள் கழித்து ஷில்பா என்னும் திருநங்கையாகத் திரும்பி வருகிறார். இவ்வேடத்துக்காக விஜய் சேதுபதி துணை நடிகருக்கான தேசிய விருது பெற்றார். வேம்பு, முகில் என்னும் தம்பதியர் தம் வீட்டில் இறந்துபோன ஓர் ஆடவனின் உடலை மறைக்கப் படாதபாடு படுகின்றனர். பதின்பருவச் சிறுவர் சிலர் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியை உடைத்துவிட்டு, அதற்கு ஈடாக வேறொன்று வாங்கப் பணம் தேடி அலைகின்றனர். ஆழிப்பேரலையில் உயிர் பிழைத்த அற்புதம் என்பவர் தம் மகன் குற்றுயிராய்க் கிடக்கையில் மருத்துவரை விடுத்து இறைவேண்டலைப் பற்றி நிற்கிறார்.

தனிவழித் திரைப்படம் என்பது குறைந்த செலவில் எடுக்கப்பட்ட படம் என்று மட்டும் பொருள்படாது. குமாரராஜாவிடம் அது நேரத்தைப் பற்றிய சுதந்திரமாகத் தோன்றுகிறது. ஒரு காட்சி எவ்வளவு நேரம் நீள வேண்டும், ஒரு முகம் எவ்வளவு நேரம் மௌனமாக இருக்க வேண்டும் என்பதை வணிகக் கணக்கு தீர்மானிக்க அவர் விடுவதில்லை. அவரது சிரிப்பும் பதற்றமும் அந்த நீட்சியிலிருந்துதான் பிறக்கின்றன.

பதற்றத்தின் இலக்கணம்

பதற்றக் கலையின் பேராசான் எனப் போற்றப்படும் ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, இலண்டனில் இயேசு சபையாரின் பள்ளியில் பயின்றவர். ஒப்புரவு அருளடையாளத்தின் இரகசியத்தைக் காக்கும் குருவானவரை மையமாகக் கொண்டு 1953-ல் ஒரு படமும் எடுத்தார். அவர் தந்த விளக்கம் ஒன்று புகழ்பெற்றது. மேசைக்கடியில் குண்டு இருப்பது பார்வையாளருக்குத் தெரியாமல் அது வெடித்தால், சில நொடி அதிர்ச்சி மட்டுமே கிட்டும். குண்டு இருப்பது பார்வையாளருக்குத் தெரிந்து, மேசையைச் சுற்றி அமர்ந்தோர் அறியாமல் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தால், அந்தச் சில நிமிடங்களும் பதற்றமாகிவிடும். அறிந்தவன் நாம், அறியாதவர் அவர்கள். இந்த ஏற்றத்தாழ்வே பதற்றத்தின் ஊற்று.

தமிழில் இதனைச் செவ்வனே கையாண்டவர் வீணை மேதை எஸ். பாலச்சந்தர். 1954-ல் பாடலே இல்லாமல் ‘அந்த நாள்’ படத்தை இயக்கினார். 1964-ல் வெளிவந்த அவரது ‘பொம்மை’யில் குண்டு வைக்கப்பட்ட பொம்மை ஒன்று கைமாறிக் கைமாறி ஊரெங்கும் உலவுகிறது. ஹிட்ச்காக்கின் மேசைக்குக் கால் முளைத்து அது நகர வீதிகளில் நடக்கத் தொடங்கியது போன்ற கற்பனை அது. குழந்தைகள் கொஞ்சும் பொருளுக்குள் மரணம் ஒளிந்திருப்பதில் சிரிப்பின் நிழலும் உண்டு.

குமாரராஜா இந்த மரபில் வந்தவரே. ஆனால் ஒரு மாற்றம் செய்கிறார். ‘சூப்பர் டீலக்ஸ்’ படத்தில் வேம்பு, முகில் வீட்டுக் குளிர்பதனப் பெட்டிக்குள் பிணம் இருக்கிறது. அந்த நேரத்தில் வீட்டிற்கு ஆட்கள் வருகிறார்கள். ஹிட்ச்காக்காக இருந்தால் நம் கண் அந்தப் பெட்டியின் கதவிலேயே நிலைத்திருக்கும். குமாரராஜாவின் படத்திலோ, வந்தவர்களின் உபசாரப் பேச்சும், அதற்கு முகம் கொடுக்க வேண்டிய கணவன் மனைவியின் செயற்கைப் புன்னகையும் நம்மைப் பிடித்துக்கொள்கின்றன. பிணத்தை விட அந்த மரியாதைதான் நம்மை அதிகம் வியர்க்க வைக்கிறது. பின்னர் உடலை வண்டியில் ஏற்றிச் செல்லும்போதும் முகில் சமுதாயச் சீர்கேடுகளைப் பற்றி ஓயாது பேசுகிறான். உலகத்தைத் திருத்தப் பேசுபவனின் முதுகுக்குப் பின்னால் அவன் வீட்டுத் துயரம் சுருட்டிக் கிடக்கிறது. நம்முள் பலர் அவ்வாறுதானே பேசுகிறோம் என்ற எண்ணம் சிரித்து முடித்தபின் வருகிறது.

இதற்கு அவர் கையாளும் கருவிகள் எளியவை. ஒளிப்பதிவுக் கருவி பெரும்பாலும் சற்றுத் தள்ளியே நிற்கிறது. அழும் முகத்தை நெருங்கிச் சென்று நம்மையும் அழத் தூண்டுவதில்லை. அறை முழுவதையும் காட்டி, யாரைப் பார்ப்பது என்பதை நம்மிடமே விட்டுவிடுகிறது. சுவர்களின் நீலமும் பச்சையும் சிவப்பும் மிகுந்து ஒளிர்வதால், அன்றாட வீடே நாடக மேடை போல் தோன்றுகிறது. எங்கோ ஒரு வானொலியிலோ தொலைக்காட்சியிலோ பழைய திரைப்பாடல் ஓடிக்கொண்டிருக்கிறது. கொடுமை நிகழும் வீட்டிற்குள் பக்கத்து வீட்டுக் காதற்பாட்டு காற்றில் வந்து நுழைகிறது. எந்தத் துன்பத்துக்கும் உலகம் தன் வேலையை நிறுத்துவதில்லை என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டுவது அரிது. யுவன் சங்கர் ராஜாவின் பின்னணி இசையும் அளவோடு நின்று இதற்கு இடமளிக்கிறது.

கேள்வி எங்கே இருக்கிறது?

இவை அனைத்தும் திறமைகள். திறமைக்காக மட்டும் ஒரு கலைஞரைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுத வேண்டியதில்லை. அவரது கதைகள் எல்லாம் எதைச் சுற்றி வருகின்றன என்று பார்க்க வேண்டும். அவை தற்செயலைச் சுற்றி வருகின்றன. ‘ஆரண்ய காண்ட’த்தில் ஒரு பை தற்செயலாக ஏழையின் கையில் விழுகிறது. ‘சூப்பர் டீலக்ஸ்’ படத்தில் உதவி ஆய்வாளர் பெர்லின், அதிகாரத்தைக் காட்டி வேம்பைச் சீரழிக்க முனையும் வேளையில், சிறுவர்கள் மேலிருந்து வீசிய உடைந்த தொலைக்காட்சிப் பெட்டி அவர் தலைமேல் விழுகிறது. அவர் இறக்கிறார், அவள் தப்புகிறாள். அரங்கில் எழும் சிரிப்பு ஓயுமுன் ஒரு கேள்வி எழுகிறது. அது கடவுளின் நீதியா, குறி தவறிய குப்பையா?

நற்செய்தியில் இதற்கு இணையான ஓர் இடம் உண்டு. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் மாண்ட செய்தியை இயேசு தாமே எடுத்துப் பேசுகிறார் (லூக்கா 13). மாண்டவர்கள் மற்றவர்களை விடப் பெரிய பாவிகள் என்று எண்ணுவதை அவர் மறுக்கிறார். கோபுரம் ஏன் விழுந்தது என்ற காரணத்தையோ அவர் சொல்லவில்லை. காரணம் தேடும் மனிதரை மனமாற்றத்தின் பக்கம் திருப்பிவிடுகிறார். பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்டு, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோதும் அவர் அந்தக் கணக்கை ஏற்கவில்லை (யோவான் 9). யோபுவின் நண்பர்கள் காரணம் சொல்லிச் சொல்லியே அவரை மேலும் காயப்படுத்தினர். இறுதியில் இறைவன் கடிந்துகொண்டது அவர்களைத்தான். காரணம் கண்டுபிடித்துவிட்டோம் என்ற மனநிறைவைத் திருவிவிலியம் எளிதில் தருவதில்லை.

நாமோ அதனை விடுவதில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள். வேளாங்கண்ணியில் பேராலயம் அழியாமல் நின்றது. கடற்கரையில் இருந்த திருப்பயணிகளும் கடைவைத்துப் பிழைத்தவர்களும் நூற்றுக்கணக்கில் மாண்டனர். ஆலயம் காக்கப்பட்டதைப் புதுமை என்று நன்றியோடு சொல்கிறோம். சொல்லும்போது, அலை அள்ளிச் சென்றவர்களின் வீட்டார் நமக்கு அருகிலேயே நின்று அதைக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும் என்பதை மறந்துவிடுகிறோம். அவர்களும் செபமாலை சொன்னவர்களே. இந்த இடம்தான் குமாரராஜா தொடும் இடம். அதனாலேயே அவரது படம் நமக்கு வலிக்கிறது.

அற்புதமும் சுரூபமும்

மிஷ்கின் நடித்த அற்புதம், முன்பு தனசேகரன் என்ற பெயரில் வாழ்ந்தவர். ஆழிப்பேரலையில் இயேசுவின் சுரூபம் ஒன்றைப் பற்றிக்கொண்டதால் பிழைத்தார். பெயரை மாற்றிக்கொண்டார். அந்தச் சுரூபத்தையே தம் வழிபாட்டின் மையமாக்கித் தமக்கென ஒரு சிறு கூட்டத்தையும் சேர்த்துக்கொண்டார். அவர் மனைவி லீலா முன்பொரு காலத்தில் ஆபாசப் படத்தில் நடித்தவர். அதனைத் தற்செயலாகக் கண்டுகொண்ட மகன் தாயைக் கொல்லும் ஆத்திரத்தோடு ஓடிவருகிறான்; தடுமாறி விழுந்து, கையிலிருந்த திருப்புளியால் தானே குத்துண்டு கிடக்கிறான். தாய் மருத்துவமனைக்கு விரைய வேண்டும் என்கிறாள். தந்தை இறைவேண்டலால் குணமாக்குவேன் என்கிறார். குழந்தையின் குருதி வடிந்துகொண்டிருக்கிறது. நாம் சிரிக்கவும் முடியாமல், சிரிக்காமலும் இருக்க முடியாமல் அமர்ந்திருக்கிறோம். விண்ணகம் பதில் தராதபோது அற்புதம் சினந்து அந்தச் சுரூபத்தைத் தாக்குகிறார். அது உடைய, உள்ளிருந்து வைரங்கள் கொட்டுகின்றன. அதுவே சிகிச்சைக்கு வழியாகிறது.

சுரூபம் உடைபடும் காட்சியைக் கண்டு நம் மனம் பதைப்பது இயல்பு. பீடத்தருகே மெழுகுதிரி ஏற்றிப் பழகிய கைகள் நம்முடையவை. ஆயினும் காட்சியைப் பொறுமையோடு நோக்கினால், அங்கு உடைவது எது என்பது விளங்கும். உடைவது, இறைவனைத் தம் உயிர்க்காப்புப் பத்திரமாக எண்ணிய ஒரு மனிதரின் ஒப்பந்தம். ‘என்னை ஒருமுறை காத்தீர், ஆகவே நான் கேட்கும் ஒவ்வொரு முறையும் காக்கக் கடமைப்பட்டிருக்கிறீர்’ என்பது நம்பிக்கை அன்று. ஆலயத்தின் உச்சியிலிருந்து குதிக்கச் சொன்ன சோதிப்பவனின் குரலில்தான் அந்த வாதம் முதலில் ஒலித்தது. இயேசு அதனை மறுத்தார். ஆபத்தில் இருக்கும் பிள்ளையை மருத்துவரிடம் கொண்டுசெல்லாமல் புதுமைக்காகக் காத்திருப்பது எந்தக் கத்தோலிக்கப் போதனையிலும் இல்லை. லூக்கா நற்செய்தியாளரே மருத்துவர் என்பது நம் மரபு.

இனி அந்த வைரங்கள். நம்பிக்கையற்றவர் அவற்றைக் கண்டு, யாரோ கடத்தல்காரன் ஒளித்து வைத்த சரக்கு, வெறும் தற்செயல் என்று சிரிப்பார். நம்பிக்கையாளர், சினத்தோடு வந்த அடிக்கும் இறைவன் இரக்கத்தையே திருப்பித் தந்தார் என்பார். படம் இரண்டில் எதையும் உறுதிப்படுத்துவதில்லை. உறுதிப்படுத்தாமல் விட்டதே அதன் நேர்மை. இறைத்திட்டம் என்பது வரைபடத்தில் முன்கூட்டியே காணக்கூடியதாயின், நம்பிக்கைக்கு அங்கு வேலை ஏது?

குடத்தில் கைவிட்ட சிறுவன்

தற்செயலை நம் முன்னோர் எவ்வாறு கையாண்டனர் என்பதற்கு உத்திரமேரூரிலேயே சான்று இருக்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவர்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. ஆண்டுகள் 919, 921. ஊரின் 30 குடும்புகளிலிருந்து வாரிய உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்த விதிகளை அவை உரைக்கின்றன. நிலம் உண்டா, சொந்த மனை உண்டா, வயது வரம்புக்குள் இருக்கிறாரா, முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரா என்றெல்லாம் முதலில் ஆராய்ந்தனர். தகுதியுடையோரின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டனர். பின்பு ஏதும் அறியாத சிறுவன் ஒருவனை அழைத்து, ஓலையை எடுக்கச் செய்தனர். யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தேர்ந்தபோது திருத்தூதர்களும் ஏறத்தாழ இவ்வாறே செய்தனர். தொடக்கமுதல் உடனிருந்தவர்களுள் இருவரை முன்னிறுத்தினர், இறைவனை வேண்டினர், அதன்பின் சீட்டுப் போட்டனர்.

இரண்டிலும் ஒழுங்கு ஒன்றே. மனிதர் செய்ய வேண்டியதை முழுதும் செய்துவிட்டு, எஞ்சியதைத் தம் கைக்கு அப்பாற்பட்டதிடம் விட்டனர். அற்புதம் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கினார். செய்ய வேண்டியதைச் செய்யாமலே குடத்தில் கைவிட்டார். இந்தப் பிழையைத்தான் படத்தின் அவல நகைச்சுவை குத்திக்காட்டுகிறதே ஒழிய, வேண்டலை அன்று.

கல்வெட்டுக் காட்டும் அந்தச் சிறுவனையும் கவனிக்க வேண்டும். அவன் ஏன் அழைக்கப்பட்டான்? அவனுக்குக் கட்சி இல்லை, கணக்கு இல்லை. குமாரராஜாவின் இரு படங்களிலும் அத்தகைய சிறுவன் ஒருவன் இருக்கிறான். ‘ஆரண்ய காண்ட’த்தின் கொடுக்காப்புளி, கும்பலின் பிடியில் சிக்கிய தந்தையை மீட்கத் தன் சிறு அறிவைக் கொண்டு போராடுகிறான். அந்தத் தந்தையோ குடிகாரன், கையாலாகாதவன். தந்தை மீது உனக்கு அவ்வளவு பிரியமா என்று அவனிடம் கேட்கப்படுகிறது. அப்படியொன்றும் இல்லை, ஆனாலும் அவர் என் அப்பா என்னும் பொருளில் அவன் பதில் சொல்கிறான். கொலைகாரர் நிறைந்த அந்தக் காட்டில் அச்சமின்றி உண்மை பேசியவன் அவன் ஒருவனே. தகுதி பார்த்து வருவது மதிப்பு. தகுதி பாராமல் வருவது அன்பு. அருள் என்று மறைக்கல்வியில் நாம் கற்றது இதற்கு வெகு தொலைவில் இல்லை.

‘சூப்பர் டீலக்ஸ்’ படத்தின் இராசுக்குட்டி இன்னும் ஒரு படி மேலே செல்கிறான். வராத தந்தைக்காகக் காத்திருந்த பிள்ளை அவன். வாடகை வண்டியிலிருந்து சேலையுடுத்திய ஒருவர் இறங்குகிறார். உற்றார் உறவினர் உறைந்து நிற்கின்றனர். பிள்ளை மட்டும் தந்தையைக் கண்டுகொள்கிறான். பள்ளியிலும் காவல் நிலையத்திலும் ஷில்பா அடையும் இழிவுகளை அவனும் உடனிருந்து காண்கிறான், கைவிடவில்லை. இடையில் பிள்ளை காணாமற்போகிறான். அப்போது ஷில்பாவின் நெஞ்சில் பழைய குற்றம் ஒன்று எழுகிறது. முன்பு குழந்தைகளைப் பிச்சையெடுக்கும் கும்பலிடம் ஒப்படைத்த பாவத்துக்கு இது தண்டனை என்று தமக்குத்தாமே தீர்ப்பு எழுதிக்கொள்கிறார். சீடர்கள் கேட்ட அதே கேள்வி; யோபுவின் நண்பர்கள் சொன்ன அதே பதில். வீடு திரும்பிப் பார்த்தால் பிள்ளை அங்கே இருக்கிறான். ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும் எங்களோடு இருந்துவிடு என்பதே அவன் கேட்பது. ஊதாரி மைந்தன் உவமையை நாம் ஆயிரம் முறை கேட்டிருக்கிறோம். இங்கே போனவர் தந்தை; வாசலில் காத்திருந்து தழுவிக்கொள்வது பிள்ளை. உவமையைத் திருப்பிப் போட்டும் அதன் உயிர் கெடவில்லை.

ஆகவே குமாரராஜாவின் கலை சொல்வது இதுவெனக் கருதுகிறோம்: துன்பத்துக்குக் காரணம் சொல்லும் முயற்சி ஒவ்வொன்றும் நகைப்புக்கு இடமாகிறது, துன்பத்தில் உடனிருப்பவரைக் கண்டு மட்டும் அவர் சிரிப்பதில்லை. அவரது நகைச்சுவை எங்கே நின்றுவிடுகிறது என்று பார்த்தால், அங்கேதான் அவர் மதிக்கும் பொருள் இருக்கிறது. பிள்ளைகள் பேசும்போது அது நின்றுவிடுகிறது.

குறைகள்

பாராட்டோடு நிறுத்திவிடுவது திறனாய்வு ஆகாது. முதற்குறை, பெண்களின் துன்பத்தைப் பதற்றத்தின் கருவியாக்கும் போக்கு. ‘ஆரண்ய காண்ட’த்தில் சிங்கபெருமாளிடம் சிக்கிய சுப்புவும், ‘சூப்பர் டீலக்ஸ்’ படத்தில் பெர்லினிடம் சிக்கிய வேம்பும் ஷில்பாவும் நெடுநேரம் வதைபடுகின்றனர். சுப்பு இறுதியில் எல்லா ஆடவரையும் வென்று வெளியேறுகிறாள் என்பது உண்மை. எனினும் அக்கொடுமையை அத்தனை நேரம் காட்டியது நம் மனச்சான்றை எழுப்பவா, நம் நரம்புகளை முறுக்கவா என்ற ஐயம் நீங்கவில்லை. தொலைவில் நின்று நோக்கும் ஒளிப்பதிவு பிற இடங்களில் மரியாதையாகத் தோன்றுகிறது. இந்த இடங்களில் அது கைகட்டி வேடிக்கை பார்ப்பது போலாகிவிடுகிறது.

இரண்டாவது, ஷில்பாவைப் பற்றியது. திருநங்கை வேடத்தை ஓர் ஆண் நடிகர் ஏற்றதையும், ஏற்கெனவே பழிச்சொற்களைச் சுமக்கும் ஒரு சமூகத்தின் மீது குழந்தைகளைப் பிச்சைக் கும்பலிடம் கொடுத்த குற்றத்தையும் ஏற்றியதையும் அச்சமூகத்தைச் சேர்ந்தோர் கண்டித்தனர். அக்கண்டனத்தில் நியாயம் உண்டு. தனி மனிதரின் குற்றவுணர்வைக் காட்டப் புகுந்த கதை, பார்ப்பவர் மனத்தில் ஓர் இனத்தின் மீதான ஐயமாகத் தங்கிவிடலாம்.

மூன்றாவது, முடிவைப் பற்றியது. காரணம் சொல்வோரைக் கண்டு மூன்று மணி நேரம் சிரித்த படம், இறுதிப் பகுதியில் வாழ்வின் பொருளைத் தானே விரிவுரையாக எடுத்துரைக்கத் தொடங்குகிறது. வேற்றுலகப் பெண்ணும் நீண்ட பேச்சும் வேண்டியிருந்திருக்காது. தொலைக்காட்சிப் பெட்டி விழுந்த ஓசையே போதுமானதாக இருந்தது. மேலும் வைரங்களும் விழும் பெட்டியும் ஒரே படத்தில் அடுத்தடுத்து வந்து சிக்கல்களை அவிழ்ப்பதால், தற்செயல் எப்போதும் நல்லவர் பக்கமே சாயும் என்ற எளிய ஆறுதலும் உள்ளே நுழைந்துவிடுகிறது. அலையில் போனவர்களுக்கு வைரம் கிடைக்கவில்லை என்பதை அக்கணத்தில் படம் மறந்துவிடுகிறது. நாம் புதுமைகளைச் சொல்லும்போது மறப்பதைப் போலவே.

‘சூப்பர் டீலக்ஸ்’ படத்துக்குப் பின், 2023-ல் வெளிவந்த ‘மாடர்ன் லவ் சென்னை’ தொடரில் ஒரு கதையை அவர் இயக்கினார். எண்ணிக்கையில் குறைவாகவே செய்திருக்கும் கலைஞர் அவர். அக்குறைவான படைப்புகளும் சிரிக்க வைத்துவிட்டு நம்மைத் தனியே விட்டுச் செல்வன. அப்போது நம்மோடு எஞ்சி நிற்பது, பங்கில் நாம் அன்றாடம் சந்திக்கும் ஒரு சூழ்நிலை. பிள்ளையை இழந்த தாய் ஒருத்தி ஆலய வாசலில் நிற்கிறாள். ‘எல்லாம் ஆண்டவர் சித்தம்’ என்று சொல்லிவிட்டு நகர்வது நமக்கு எளிது. அச்சொல் பொய்யன்று, ஆனால் அதைச் சொல்லும் உரிமை அவளுக்கு மட்டுமே உண்டு. நமக்கு உள்ளது அவளருகில் சற்று நேரம் நிற்கும் கடமை. யோபுவின் நண்பர்களும் ஏழு நாள் வாய்திறவாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தனர். அவர்கள் செய்தவற்றுள் சிறந்தது அதுதான்.